தாயம்மாவின் முக்காலியில்

10 பிப்ரவரி 1997, திங்கள்

என் பெயர் வே. ராஜகோபாலன். வயது ஐம்பது. மயிலாப்பூர்வாசி. அடையாற்றில் ஒரு தனியார் மருத்துவமனையின் இரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் பதினாறு ஆண்டுகளாகப் பொறுப்பாளன். இந்தக் குறிப்பேட்டைத் தொடங்கும் நோக்கம் ஒன்றே: அடுத்த வாரம் எங்கள் கூடத்தில் நடக்கவிருக்கும் மூன்று நாள் பாதுகாப்புப் பயிற்சியில் என்ன நடக்கிறதோ, அதை நடந்த வரிசையிலேயே எழுதி வைப்பது. பின்னால் யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது.

பயிற்சி தேவையற்றது என்பது என் கருத்து. அதை நிர்வாகத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்திருக்கிறேன். கூடத்தின் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருபத்திரண்டு விதிகள் இருக்கின்றன. அனைத்தும் நான் எழுதியவை. அவற்றைப் பின்பற்றியிருந்தால் தாயம்மாவுக்கு நோய் வந்திருக்காது.

தாயம்மா எங்கள் கூடத்தில் சோதனைக் குழாய்களைக் கழுவுபவள். பக்கத்து மீனவர் குடியிருப்பான ஊரூர் குப்பத்திலிருந்து பதினோரு வருடங்களாக வருகிறாள். சென்ற மாதம் அவள் கண்கள் மஞ்சளாயின. எங்கள் கூடத்திலேயே இரத்தத்தைச் சோதித்தோம் - ஹெபடைடிஸ் பி, இரத்தத்தின் வழியே தொற்றும் காமாலை. நிர்வாகம் என்னை விசாரிக்கச் சொன்னது. சென்ற வியாழனன்று ஆங்கிலத்தில் ஒரு பக்க அறிக்கை கொடுத்தேன். கையுறை வழங்கப்பட்டும் ஊழியர் அணியவில்லை. இது ஏழாம் விதியை மீறிய செயல். காலை வேளைகளில் மீன் சுத்தம் செய்வதால் அவர் கைகளில் வெட்டுக்காயங்கள் உண்டு. நோய் வெளியிலிருந்து வந்திருக்கவும் வாய்ப்பு இருக்கிறது.

ஒரு வாக்கியமும் பொய்யில்லை. அந்த அறிக்கையின் பேரில் அவளை வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். 27ஆம் தேதி கமிட்டி கூடி, நிரந்தரமாக நீக்குவதா என்று முடிவு செய்யும்.

13 பிப்ரவரி, வியாழன்

காலையில் காபி கொடுக்கும்போது காமாக்ஷி கேட்டாள்: "அந்தத் தாயம்மாவோட வேலை போயிடுமான்னா?" கமிட்டிதான் தீர்மானிக்கும் என்றேன். "கமிட்டிக்கு என்ன தெரியும்? நீங்க எழுதினதைத்தானே படிக்கப் போறா?" என்றாள். இதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் பஸ்ஸைப் பிடிக்க முடியாது.

17 பிப்ரவரி, திங்கள்

பயிற்சி - முதல் நாள். நடத்துபவர் கமர் ஜஹான். நுண்ணுயிரியல் படித்தவர், முப்பத்தைந்து வயதுக்கு மேல் இராது. திருவல்லிக்கேணியிலிருந்து ஒரு பெரிய அட்டைப் பெட்டியுடன் ஆட்டோவில் வந்து இறங்கினார். சொற்பொழிவு இருக்கும் என்று எண்ணி நோட்டும் பேனாவுமாக அமர்ந்திருந்தேன்.

"நோட்டை உள்ள வைங்க சார். எல்லாரும் கோட்டை மாட்டிக்கிட்டு கையைக் காட்டுங்க."

எல்லோரையும் கையுறை அணியச் சொல்லி, அதன் மேல் நீல மையைத் தடவினார். தோலில் ஒரு சொட்டுக்கூடப் படாமல் கழற்ற வேண்டும். எங்கள் டெக்னீஷியன் பிரசாத்துக்கு முழங்கை வரை நீலம். "மேடம், கல்யாணத்துக்கு மருதாணி வச்ச மாதிரி கீது" என்று கையைத் தூக்கிக் காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். என் கையில் ஒரு புள்ளிகூட இல்லை. "பலே சார், நூத்துக்கு நூறு" என்றார் அவர். மகிழ்ச்சியடைந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

18 பிப்ரவரி, செவ்வாய்

ஊசிகளை அப்புறப்படுத்தும் முறை. சிந்திய இரத்தத்தைத் துடைக்கும் முறை. என் பங்கில் பிழை இல்லை.

19 பிப்ரவரி, புதன்

வரிசையாக எழுத வேண்டும். முயல்கிறேன்.

"இன்னிக்கு யாரும் ஒழுங்கா செய்ய வேண்டாம்" என்றார் கமர் ஜஹான். "தினமும் செய்யற மாதிரி செய்யுங்க. அது போதும்." முப்பது குழாய்களில் சிவப்புத் தண்ணீர் நிரப்பிக் கொடுத்தார். அதில் ஒரு சாயம் கலந்திருக்கிறது. சாதாரண வெளிச்சத்தில் தெரியாது, புறஊதா விளக்கைக் காட்டினால் ஒளிரும். மூடிகள் சில சற்றுத் தளர்வாக இருந்தன. தினமும் வருகிறவையும் அப்படித்தானே இருக்கும் என்றார்.

எங்கள் வழக்கம் இது. நோயாளியின் விவரச் சீட்டைக் குழாயின் மேலேயே சுற்றி ரப்பர் பேண்டு போட்டு அனுப்புவார்கள். விதி பதினொன்று. 1984இல் இருவரின் இரத்தம் மாறிப்போன பிறகு நான் கொண்டுவந்த விதி. அதன் பின் இந்தப் பதின்மூன்று வருடங்களில் ஒரு குழாய்கூட மாறியதில்லை. குழாய்கள் வந்ததும் ரப்பர் பேண்டுகளைக் கழற்றி, சீட்டைப் பிரித்துப் பதிவேட்டில் ஏற்றுவோம். பேண்டுகள் எனாமல் பேசினில் விழும். அவற்றில் சிக்கியிருக்கும் காகிதத் துணுக்குகளை எடுத்து, அலசி, உலர்த்தி, மறுபடி வார்டுகளுக்கு அனுப்ப வேண்டும்.

"இந்த வேலை யாருது?"

"தாயம்மாவுது மேடம்" என்றான் பிரசாத், என் பக்கம் பார்க்காமல். "அது இப்ப வர்றதில்ல."

"அப்ப அந்த முக்காலியில நீங்க உக்காருங்க சார்."

உட்கார்ந்தேன். தாயம்மாவுக்கு நான் வாங்கிக் கொடுத்த அதே கையுறைகள், தடித்த ஆரஞ்சு நிற ரப்பர், ஆணியில் தொங்கின. விதி ஏழின்படி அணிந்துகொண்டேன். நாற்பது நிமிடங்கள் எல்லோரும் வேலை செய்தோம்.

பிறகு ஜன்னல்களை மூடி, விளக்குகளை அணைத்து, புறஊதா விளக்கைப் போட்டார்.

பதிவேட்டின் ஓரங்கள் பச்சையாக ஒளிர்ந்தன. பேனா. தொலைபேசி. கதவின் கைப்பிடி. நாற்காலியின் கை. பிரசாத் முதலில் சிரித்தான், பிறகு நிறுத்திவிட்டான். விளக்கு என் பக்கம் திரும்பியது. பேசினில் ஒரு குவியலே எரிந்துகொண்டிருந்தது. அதற்கு மேலே இரண்டு கைகள் - மணிக்கட்டு வரை, நகக்கண்களுக்குள் எல்லாம் பச்சை. அவை என் கைகள் என்று புரியச் சற்று நேரம் ஆயிற்று. வெறும் கைகள்.

"சார், க்ளவ்ஸ் எங்கே?"

எனக்குத் தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை.

விளக்கைப் போட்டார்கள். கையுறைகள் பேசினுக்குப் பக்கத்தில் இருந்தன. ஒன்றின் மேல் ஒன்றாக ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தன. அப்படி மடித்து வைப்பவன் அந்தக் கூடத்தில் நான் ஒருவன்தான்.

"நாலு நிமிஷம் சார். நான் குறிச்சு வச்சிருக்கேன்" என்றார் கமர் ஜஹான். குரலில் கேலி இல்லை. இருந்திருக்கலாம், தாங்கிக்கொண்டிருப்பேன். "அதைப் போட்டுக்கிட்டு ஒரு ரப்பர் பேண்டைக்கூடப் பிரிக்க முடியாது. யாரா இருந்தாலும் கழட்டிடுவாங்க." பிறகு தயங்கி, "உதட்டைக் கழுவிக்கோங்க" என்றார். பக்கம் புரட்ட விரலை நாக்கில் வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு; இடையில் எழுந்துபோய்ப் பதிவேட்டைப் புரட்டியிருக்கிறேன். கீழ் உதட்டிலும் பச்சை.

கைகளை நான்கு முறை கழுவினேன். விளக்கில் காட்டினேன். நகங்களுக்குள் இன்னும் இருந்தது.

20 பிப்ரவரி, வியாழன்

அவள் வேண்டுமென்று எந்த விதியையும் மீறவில்லை. ஏழாம் விதியையும் பதினோராம் விதியையும் ஒரே சமயத்தில் ஒருவர் பின்பற்ற முடியாது. இரண்டையும் எழுதியவன் நான். ஒரே சட்டத்துக்குள் தொங்குகின்றன. பதின்மூன்று வருடம் தினமும் பார்த்திருக்கிறேன்!

அவள் ஒருமுறை சொன்னது இப்போது நினைவுக்கு வருகிறது. "ரொம்பப் பெருசா கீது சார். கை உள்ள நீஞ்சுது." பழகிக்கொள் என்றேன். பழகிக்கொள்! எழுதி வைத்திருக்கிறேனா அதை எங்காவது? இல்லை. அணியவில்லை என்று மட்டும் எழுதினேன். என்ன பண்ணிட்டேன் நான்? ஒரு மனுஷியோட வேலையை, பேரை - ஒரு பக்கத்துல.

21 பிப்ரவரி, வெள்ளி

சீட்டுகள் இனித் தனித் தட்டில் வரும். குழாயில் எண் மட்டும். விதி பதினொன்றை என் கையாலேயே அடித்தேன். பேசினை அகற்றியாயிற்று. பதினைந்து நிமிட வேலை. இதைச் செய்யப் பதின்மூன்று வருடம்.

கமர் ஜஹானின் யோசனைப்படி கூடத்திலுள்ள அனைவரின் இரத்தமும் எடுத்து வெளியே ஒரு கூடத்துக்கு அனுப்பியிருக்கிறோம்.

24 பிப்ரவரி, திங்கள்

பிரசாத்துக்கு ஒன்றுமில்லை. மற்றவர்களுக்கும் ஒன்றுமில்லை. எனக்கு?

எனக்கு எப்போதோ வந்து போயிருக்கிறது. கிருமி இப்போது இல்லை. வந்து போன தடயம் இரத்தத்தில் இருக்கிறது. கமர் ஜஹான் தொலைபேசியில் கேட்டார்: "எப்பவாவது காமாலை வந்துச்சா சார்?"

வந்தது. 1988. காஞ்சிபுரத்தில் காமாக்ஷியின் சித்தப்பா பெண் கல்யாணத்தில் குடித்த மோர்தான் காரணம் என்று அப்போதே தீர்ப்புச் சொன்னேன். சமையல்காரரைத் திட்டினேன். சித்தப்பாவுக்குக் கடிதம்கூட எழுதினேன்.

காமாக்ஷியிடம் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டாள். "ஒம்பது வருஷமா அவாத்துக்கே போகலையேன்னா நாம. சித்தப்பா தவறினதுக்குக்கூடப் போகலை." அவள் இரத்தத்தையும் சோதித்துவிட்டோம், நலம். எழுந்து உள்ளே போய்விட்டாள். சமையலறையில் பாத்திரங்களின் சத்தம் மட்டும்.

என் கூடத்தில் வந்த நோய்க்கெல்லாம் வேறு யாரையாவது கைகாட்டுவதுதான் என் வேலையா?

25 பிப்ரவரி, செவ்வாய்

நிர்வாக அதிகாரி சுப்பராயனைப் பார்த்தேன். அறிக்கையைத் திரும்பப் பெற வேண்டும் என்றேன். கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"சார், ரிப்போர்ட் ஃபைலுக்குப் போயாச்சு. உங்க கையெழுத்து. இப்ப மாத்திக் குடுத்தா அப்ப எழுதினது என்னன்னு கேப்பாங்க. உங்க தலையிலதான் விடியும்."

"என் தலையில்தான் விடிய வேண்டும்."

"இன்னும் எட்டு வருஷம் சர்வீஸ் இருக்கு உங்களுக்கு. யோசிங்க. அந்தம்மாவுக்கு வேற எங்கியாவது வேலை பாத்துக் குடுத்துடலாம். நல்ல மனுஷன் சார் நீங்க, இதுல ஏன் போய் மாட்டிக்கிறீங்க?"

"தாயம்மா கமிட்டிக்கு வரலாமா?"

"கமிட்டி ரூமுக்கா?" சிரித்தார். "அதெல்லாம் பழக்கமில்ல சார்."

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவர் சொல்வது சரி என்று தோன்றியது. எழுதி வைக்கிறேன்.

26 பிப்ரவரி, புதன்

அரை நாள் விடுப்பு. ஊரூர் குப்பத்துக்குப் போனேன். பதினோரு வருடங்களில் முதல் முறை. கூடத்திலிருந்து நடந்தே போய்விடலாம்.

வாசலில் தாயம்மாவின் தங்கை கெங்கம்மா மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் யார் என்று சொன்னதும் நிமிர்ந்தாள்.

"நீதானா அந்த ஆளு? வேலைய புடுங்கிக்கினு இப்ப இன்னாத்துக்கு வந்த, செத்துட்டாளான்னு பாக்கவா? ரத்தத்துல வர்ற நோவாம், எப்பிடி வந்துச்சோன்னு ஊரே ஒரு மாதிரி பேசுது. எங்க ஊட்ல தண்ணி வாங்கிக் குடிக்க மாட்றாங்க, தெரியுமா உனக்கு?"

"கம்முனு இரு கெங்கா" என்று உள்ளேயிருந்து குரல். "சார் வெயில்ல வந்துகீறாரு. சேர் போடு."

தாயம்மா மெலிந்திருந்தாள். கண்களில் மஞ்சள் ஏறக்குறைய வடிந்துவிட்டது. நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன் - சாயம், விளக்கு, முக்காலி, கையுறை.

அவள் என் கைகளைப் பார்த்தாள். பிறகு, "எம்மா நேரத்துல கழட்ன?" என்று கேட்டாள்.

"நான்கு நிமிடம்."

"நாலா!" சிரித்துவிட்டாள், இருமல் வந்தது. "நானு பத்து நிமிசமாச்சும் மாட்டிக்கினு இருப்பேன் சார். நீ வரச்சொல்ல திரும்ப மாட்டிக்குவேன். நீ போனதும் கழட்டிருவேன். உனுக்கு அது தெரியும்னுதான் நானு நெனச்சிக்கினு இருந்தேன்."

தெரியாது. தெரிந்துகொள்ள முயன்றதில்லை.

எழுதிக் கொண்டுபோயிருந்த புதிய அறிக்கையை நீட்டினேன். வாங்கவில்லை.

"முன்னாடியும் எழுதித்தான் குடுத்த. எனக்கு இன்னா தெரிஞ்சுது? காயிதம் வேணாம் சார். வாயால சொல்லு. நானு அங்க இருக்கச்சொல்ல, அவங்க அத்தினி பேரு மூஞ்சிக்கு நேரா சொல்லு. எனக்குப் புரியற மாதிரி சொல்லு. செய்வியா?"

கெங்கம்மா கூடையை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். "செய்ய மாட்டாரு இவுரு" என்றாள்.

செய்வேன் என்றேன்.

நாளை செய்யவிருப்பதை இங்கே எழுதி வைக்கிறேன். காலை ஒன்பது மணிக்கு ஆட்டோவில் குப்பத்துக்குப் போய்த் தாயம்மாவையும், வர விரும்பினால் கெங்கம்மாவையும் அழைத்து வருவேன். பத்தரை மணிக்குக் கமிட்டி. அவளை உள்ளே விடாவிட்டால் நானும் உள்ளே போக மாட்டேன். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வராந்தாவிலிருந்தே சொல்வேன். என் அறிக்கை தவறு. நோய் எங்கள் கூடத்தில், நான் வகுத்த முறையால், அந்த முறைக்குக் கீழ்ப்படிந்ததால் அவளுக்கு வந்தது. எனக்கும் அங்கேதான் வந்திருக்க வேண்டும். அவளை நீக்குவதானால் அதே உத்தரவில் என் பெயரையும் சேர்க்க வேண்டும். மறுத்தால், இதையே தொழிலாளர் துறை அலுவலகத்தில் நேரில் சென்று சொல்வேன்.

தமிழில் சொல்வேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பிறகு நிறுத்தி, புரிந்ததா என்று கமிட்டியைக் கேட்க மாட்டேன். அவளைக் கேட்பேன்.