ஓஸ் இழுத்தவள்

சுருளிப்பட்டி
12.7.2006

பிரியமுள்ள மாரிக்கு,

விடுதிச் சோறு உடம்புக்குச் சேர்கிறதா? வகுப்பில் பூச்சிமருந்தைப் பற்றி நடத்தியதாக எழுதியிருந்தாய். அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். நாலாம் மாதத்தில் என் குழந்தை கலைந்ததே, அதற்கு முந்தின வாரம் ஆள் கிடைக்காமல் உன் மச்சானோடு நான்தான் மருந்தடிக்கும் ஓஸ் குழாயை இழுத்தேன். திராட்சைப் பந்தல் தலைக்கு மேலே. அடித்த மருந்தெல்லாம் எங்கள் மேலேயே சொட்டியது. முந்தானையை வயிற்றில் சுற்றிக்கொண்டு, "குட்டி நனஞ்சிரக் கூடாதுல்ல" என்று அவரிடம் சிரித்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பூச்சிமருந்தைப் பற்றிக் கேட்டபோதே எனக்குக் காரணம் விளங்கிவிட்டது. உன் மச்சான் தாங்க மாட்டார். அவரிடம் வாய்க்கால் படியில் வழுக்கியதாகச் சொல்லிவிட்டேன். அது அப்படியே இருக்கட்டும். நம் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்தவள் நீ ஒருத்தி. உன்னிடம்தான் சொல்ல முடியும்.

உன் அக்கா
பவுனு

தேனி
3.9.2006

அன்பு அக்காவுக்கு,

எங்கள் நாட்டு நலப்பணித் திட்ட முகாம் இந்த முறை உன் ஊரில்தான்! தெருநாடகம் போடுகிறோம். எனக்குத்தான் நாலு பேர் முன்னால் வாய் வராதே, வசனம் மட்டும் எழுதிக் கொடுத்தேன். தோட்டத்தில் மருந்தடிக்கும் பெண்களைப் பற்றியது. சுகிர்தம் மேடம் படித்துவிட்டு, "ஏ புள்ள, இம்புட்டும் ஒனக்குள்ளயா இருந்துச்சு?" என்றார். வகுப்பே திரும்பிப் பார்த்தது.

யார் பெயரும் போடவில்லை, பயப்படாதே. மச்சானையும் கூட்டிக்கொண்டு முன்வரிசையில் வந்து உட்கார்.

உன் தங்கை
மாரீஸ்வரி

சுருளிப்பட்டி
2.10.2006

மாரிக்கு,

நீங்கள் பஸ் ஏறியபோது வழியனுப்ப நான் வரவில்லை. நாடகம் நன்றாக இருந்தது. நடித்த பிள்ளை முந்தானையை வயிற்றில் சுற்றி, "குட்டி நனஞ்சிரக் கூடாதுல்ல" என்றதும் கூட்டமே அழுதது. உன் மச்சான் அழவில்லை. அதை என் வாயாலேயே கேட்டவர் அவர்.

வீட்டுக்கு வந்து, "அப்ப நீ வழுக்கலையா?" என்று மட்டும் கேட்டார். நான் அடுப்பை மூட்டப் போனேன். "நாந்தானடி ஓஸப் புடின்னேன்" என்று சுவரில் முட்டிக்கொண்டார். விடிந்ததும் குமுளி ஜீப்பில் ஏறிப் போனவர்தான். எங்கோ ஏலத்தோட்டத்தில் இருப்பதாகச் சொல்கிறார்கள்.

இங்கே பெண்கள் இப்போது ஓஸ் இழுக்கப் போவதில்லை. உன் நாடகத்தால்தான். அதையும் சொல்ல வேண்டுமல்லவா?

அக்கா
பவுனு

தேனி
6.10.2006

அக்கா,

ஊர்ப் பெண்களை நினைத்துத்தான் எழுதினேன். உன்னை நினைக்காமல் போனேன். கல்லூரியில் நாடகத்துக்குப் பரிசு அறிவித்தார்கள். நான் மேடை ஏறவில்லை. மச்சானைத் தேடிக் குமுளிக்குப் போகட்டுமா? திட்டியாவது ஒரு வரி எழுது, அக்கா.

மாரி

சுருளிப்பட்டி
20.11.2006

மாரீஸ்வரிக்கு,

உன் கடிதங்கள் எல்லாம் வந்தன. இங்கே நல்ல மழை. கொடிக்குக் கவாத்து முடிந்தது. நன்றாகப் படி.

இனிமேல் தபால் கார்டில்தான் எழுதுவேன். ஊரே படித்தாலும் பாதகமில்லாத சேதி மட்டும்.

பவுனு