குழந்தையைத் தரமாட்டேன் என்றேன்

நாரின்

ஜிப்பெக்கின் அப்பாவுக்கு, பெர்மெத் பணிவுடன் எழுதுவது. அத்தையும் குழந்தை ஜிப்பெக்கும் நலம். ரஷ்யாவின் குளிரில் நீங்கள் நலமா என்று கேட்க வழியில்லை; நான் கூப்பிட்டால் நீங்கள் போனை எடுப்பதில்லை. அதனால் உங்கள் வேலையிடத்துக்குத் திரும்பும் குபாத்தின் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பெரிய மாமா சொன்னதைக் கேட்டுவிட்டீர்கள். நான் சொல்வதையும் கேளுங்கள். பிறகு உங்கள் இஷ்டம்.

குழந்தை மாதம் நிறையாமல் பிறந்து கண்ணாடிப் பெட்டியில் கிடந்தது உங்களுக்குத் தெரியும். வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் சைராகுல் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இவ நுரையீரல் இன்னும் பிஞ்சு. இருமுறவங்க யாரா இருந்தாலும் கிட்ட விடாதே. மந்திரியே வந்தாலும் வாசல்லயே நிறுத்து" என்றாள்.

இங்கே இப்போது வீட்டுக்கு வீடு காய்ச்சல். பள்ளிக்கூடத்தையே மூடிவிட்டார்கள். இந்த நேரத்தில்தான் பெரிய மாமா ஓர் ஆட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு பேத்தியை ஆசீர்வதிக்க வந்தார். தகப்பன் இல்லாத உங்களை வளர்த்து ஆளாக்கியவர். எனக்குத் தெரியாதா? ஆனால் உள்ளே வந்ததுமே உள்ளங்கையில் இருமினார். அதே கையை நீட்டி, "எங்கேம்மா என் சிட்டு? நெத்தியில ஒரு முத்தம் குடுத்துட்டுத்தான் கோட்டைக் கழட்டுவேன்" என்றார்.

கைகழுவ வெந்நீர் ஊற்றினேன். கழுவிக்கொண்டார். தேநீரைத் தனிக் கிண்ணத்தில் வைத்து, பக்கத்தில் ஒரு சுத்தமான துணியும் வைத்தேன். "மாமா, இருமல் நின்னதும் நானே அவளை உங்க வீட்டுக்குத் தூக்கிட்டு வர்றேன். இன்னைக்குத் தூரத்துல இருந்து பாருங்க" என்றேன். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். "மலைக்காத்துல வாழ்நாளெல்லாம் இருமியிருக்கேன், ஒரு ஆட்டுக்குட்டிகூடச் செத்ததில்லை" என்று தொட்டில் பக்கம் நடந்தார்.

நான் குறுக்கே நின்றேன். தரமாட்டேன் என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. அது என் தப்பு. மற்றது இல்லை.

அவர் ரொட்டியைத் தொடவில்லை. ஒரு துண்டாவது பிட்டு வாயில் போடாமல் நம் வாசலை யாரும் தாண்டியதில்லை, அவர் தாண்டினார். அத்தை வண்டிவரை பின்னாலேயே ஓடிக் கெஞ்சிவிட்டுத் திரும்பி வந்து, "மரியாதை தெரியாத வீட்டுப் பொண்ணை எடுத்துட்டேனே! என் மகன் எர்மெக்குக்குத் தெரியட்டும், அவனே முடிவு பண்ணட்டும்" என்றார். அதற்குப் பிறகு என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அந்த முடிவு என்னவாக இருக்கும் என்று நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு மாமா வீட்டிலிருந்து சேதி வந்தது. அங்கே எல்லோரும் படுக்கையில். குதிரைப் பந்தயத்தில் சவாரி செய்கிற, திடகாத்திரமான மாமா மகன், உங்கள் அண்ணன் அசாமத்தை மூச்சுத் திணறலோடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள். ஆண்டவன் காப்பாற்றினான், இப்போது தேறிவிட்டார். சேதியைக் கேட்ட அத்தை எழுந்து போய்த் தொட்டிலருகே உட்கார்ந்தார்.

இப்போது எனக்கே காய்ச்சல். பாலை நிறுத்த வேண்டாம், முகக்கவசம் போட்டு, கைகழுவிக் கொடு, மற்ற நேரம் தள்ளியிரு என்று சைராகுல் சொன்னாள். பின்னறையில் இருக்கிறேன். பாலுக்கு மட்டும் அத்தை குழந்தையைக் கொண்டுவருகிறார். வாசற்படியில் நின்று, "கையைக் காட்டு! சோப்புப் போட்டியா? நல்லாத் தேய்ச்சியா?" என்று கேட்டுவிட்டுத்தான் தருகிறார். நேற்று எனக்குத் தும்மல் வந்தது. "திரும்புடி, சுவத்தைப் பாத்துத் தும்மு! பெத்தவளா இருந்தா மட்டும் சளி ஒட்டாதா?" என்று கத்தினார். சுவரைப் பார்த்தபடி அழுதேன். சிரிப்பும் வந்தது.

மாமா போனில் அத்தையிடம், "சிட்டு மூச்சு நல்லா விடுதா?" என்று மட்டும் கேட்டாராம். என்னைப் பற்றிக் கேட்கவில்லை. அவர் காலில் விழ நான் தயார். ஆனால் நாளைக்கே இருமிக்கொண்டு வந்தால் மறுபடியும் குறுக்கே நிற்பேன். நீங்களே வந்தாலும் அப்படித்தான்.

இதைப் படித்ததும் கையைக் கழுவிக்கொள்ளுங்கள். நான் தொட்ட காகிதம். குளிரில் காதை மூடிக்கொள்ளுங்கள். ஆண்டவன் உங்களுக்குத் துணையிருக்கட்டும்.

திட்டுவதற்காகவாவது ஒரு தடவை கூப்பிடுங்கள். என்னோடு பேச மனமில்லையென்றால் அத்தையிடம் போனைத் தொட்டிலருகே வைக்கச் சொல்கிறேன். குழந்தை மூச்சு விடுவதை மட்டுமாவது கேளுங்கள்.

உங்கள்
பெர்மெத்