ஸ்பீக்கர் பக்கத்துக் காது

பழைய சாங்வி, புனே
19.11.2006, ஞாயிறு

அன்புள்ள மாப்பிள்ளை இர்பானுக்கு,

கோகுல்நாத் எழுதுவது. நானும் நீலாவும் காவ்யாவும் இங்கே சுகம். அங்கே மஸ்கட்டில் நீயும் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டும். கவர் மேலே என் கையெழுத்தைப் பார்த்ததுமே உனக்குச் சுருக்கென்று கோபம் வந்திருக்கும். கிழித்துப் போடு, வேண்டாமென்று சொல்லவில்லை. முழுக்கப் படித்துவிட்டுக் கிழி.

பத்து மாதமாக நமக்குள் பேச்சு இல்லை. நீ போன் செய்யவில்லை, நானும் செய்யவில்லை. கல்ஃபுக்குப் போனதும் பழைய ஆள்கள் இவனுக்கு மறந்துவிட்டார்கள் என்று நானே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டு, நீலாவிடம் உன்னைப் பற்றி வாய்க்கு வந்தபடி பேசிக்கொண்டிருந்தேன். உனக்கு என் மேல் ஏன் கோபம் என்பது போன ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது. தெரிந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதைச் சொல்வதற்கு முன்னால் என் உடம்புக்கு வந்ததைச் சொல்ல வேண்டும். இரண்டும் ஒரே கதைதான்.

எனக்கு இடது காது கேட்காது, இர்பான். இன்று நேற்றல்ல, மூன்று வருஷமாக. வலது காது முக்கால் பங்கு வேலை செய்கிறது. நேரில் பேசினால் எதிராளியின் வாயைப் பார்த்து ஒப்பேற்றிவிடுவேன். அவர் சிரித்தால் சிரிப்பேன், முகத்தைத் தொங்கப்போட்டால் நானும் தொங்கப்போடுவேன். போனில் வாய் எங்கே தெரிகிறது? அதனால் போனில் எனக்கு இரண்டே வார்த்தைதான். ஒன்று "ஆமா ஆமா", இன்னொன்று "பாத்துக்கிடுவோம்". யாரிடமும் சொல்லவில்லை, நீலாவிடம்கூட. ஃபாக்டரியில் நம் ஆள்கள் பட்டப்பெயர் வைப்பதில் எவ்வளவு கெட்டிக்காரர்கள் என்று உனக்குத் தெரியும். ஒரு நாள் நொண்டி நடந்த கோவிந்தராஜை ரிட்டயர் ஆகும்வரை நொண்டி என்றே கூப்பிட்டார்கள். நாளைக்கு என்னைச் செவிட்டு கோகுல் என்பார்களே என்று பயம். நீலாவோ, வேண்டாத பேச்சென்றால் உங்களுக்குக் காது கேட்காது, காபி ஆறுகிறது என்றால் மட்டும் கேட்கும் என்று கிண்டல் செய்துகொண்டிருந்தாள். அந்தக் கிண்டலுக்குள்ளேயே நான் ஒளிந்துகொண்டேன்.

செப்டம்பரில் ஒரு நாள் வேலை முடிந்து வரும்போது தலை சுற்றி ஸ்கூட்டரோடு சாய்ந்துவிட்டேன். நல்லவேளை, டிராஃபிக் நின்றிருந்தது. முழங்கை தேய்ந்ததோடு போயிற்று. நீலா என்னை இழுத்துக்கொண்டு ஔந்தில் ஒரு காது டாக்டரம்மாவிடம் போனாள். அவர்கள் என்னை ஒரு கண்ணாடி அறையில் உட்கார வைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். இடது காதுக்கு நான் பட்டனைத் தொடவே இல்லை. ஒரு பக்கம் மட்டும் இவ்வளவு போயிருந்தால் காது நரம்பில் கட்டி இருக்கலாம், தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடுவோம் என்றார்கள். கட்டி என்ற அந்த ஒரு வார்த்தை மட்டும் எனக்குப் பளிச்சென்று கேட்டது.

ஸ்கேனுக்கு நாள் கிடைக்கவும் ரிப்போர்ட் வரவும் பதினாறு நாள் ஆயிற்று. அந்தப் பதினாறு நாளும் நான் பட்டதை உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? காவ்யா ஒன்றாம் வகுப்பு. பாதி தமிழ், பாதி மராட்டி பேசிக்கொண்டு மடியில் ஏறும். அவளைப் பார்த்தாலே எழுந்து வெளியே போய்விடுவேன். நீலா நம் அம்மன் கோயிலில் மாவிளக்கு எடுப்பதாக வேண்டிக்கொண்டாள். உனக்கு ஒரு போன் போட்டுச் சொல்லலாமா என்று எத்தனையோ தடவை கை போயிற்று. நீ பேசினால் கேட்காதே என்று வைத்துவிட்டேன்.

ஸ்கேன் மிஷினைப் பார்த்திருக்கிறாயா? ஆளைப் படுக்க வைத்துக் குழாய்க்குள் தள்ளிவிடுகிறார்கள். உள்ளே டக்குடக்கு டங்குடங்கென்று ஒரே அடி. சத்தம் அதிகமாக இருக்கும் என்று முதலிலேயே காதில் பஞ்சு வைத்தார்கள். பத்து வருஷம் லேட்டாக வைக்கிறார்கள் என்று இப்போது தோன்றுகிறது, அப்போது தெரியவில்லை. பயத்தில் முருகா முருகா என்று தொடங்கினேன். ஆனால் அந்த அடியைக் கேட்கக் கேட்க, நம் காலத்து ராக் ஷோக்களில் ரெட் ஆக்சைடு பாண்டின் டிரம்ஸ்காரன் பாட்டுக்கு முன்னால் கை பழகுவானே, அதுதான் ஞாபகம் வந்தது. கால் தானாகத் தாளம் போட்டிருக்கிறது. வெளியே இருந்தவர் ஆடாமல் படுங்கள் என்று மைக்கில் திட்டினார். அதுவும் எனக்குக் கேட்கவில்லை, நீலாதான் பிறகு சொன்னாள்.

கட்டி இல்லை, மாப்ளே. ஒன்றுமே இல்லை. டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, நரம்பு சத்தத்தில் தேய்ந்திருக்கிறது, திரும்பி வராது, ஆனால் உயிருக்கு ஒரு பயமும் இல்லை, காது மிஷின் வைத்துக்கொண்டால் போதும் என்றார்கள். தலைச்சுற்றலுக்குத் தனியாக மாத்திரை கொடுத்தார்கள். நீலா அங்கேயே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வெளியே வந்து இரண்டு பேரும் ஆளுக்கு இரண்டு வடாபாவ் தின்றோம். பதினாறு நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் உறைப்பு என்பது நாக்கில் உறைத்தது.

மிஷின் ஓடும் இடத்தில் வேலையா என்று டாக்டரம்மா கேட்டார்கள். ஸ்டோர்ஸ் கிளார்க், எங்கள் செக்‌ஷனில் பேனா விழுந்தால் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்றேன். அப்படியானால் சின்ன வயதில் இடது பக்கமாகப் பெரிய சத்தம் ஏதாவது கேட்டீர்களா என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எதென்று சொல்ல? எத்தனை ஷோவென்று சொல்ல?

காசிம் பாயின் சவுண்ட் சர்வீஸ். ஆடியில் நம் ஆள்களின் அம்மன் கொடைக்கு, ஆவணியில் கணபதிக்கு, குளிர் தொடங்கினால் காலேஜ்களில் நடக்கும் ராக் ஷோவுக்கு, எல்லாவற்றுக்கும் அதே கறுப்பு ஸ்பீக்கர் பாக்ஸ்கள்தான். கொடைக்கு வைத்த குங்குமத்தைத் துடைக்காமலே ஒரு தடவை ஷோவுக்குக் கொண்டுபோய், முடி வளர்த்த பையன்கள் அதைப் பார்த்து ஆகா என்ன ஸ்டைல் என்று சொல்லவில்லையா? நம்மிடம் டிக்கெட் ஏது? டெம்போவிலிருந்து பாக்ஸ் இறக்கினால் ஷோ இலவசம். ஒரே நிபந்தனை, ஷோ முடியும்வரை ஆளுக்கு ஒரு பாக்ஸ் அடுக்கைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஆடுகிற கூட்டம் இடித்துத் தள்ளிவிட்டால் பாய்க்கு அன்றோடு கடை காலி. மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்தபடி, நான் ஒரு கடைசி, நீ மறு கடைசி. ஐந்து வருஷம் அத்தனை ஷோவுக்கும் போனோம், ஒரு பாண்டின் முகத்தையாவது ஒழுங்காகப் பார்த்திருக்கிறோமா? பாட்டு நன்றாக இருந்ததா என்பதையே முன்வரிசைப் பையன்களின் முகத்தைப் பார்த்துத்தானே தெரிந்துகொண்டோம்! நீயானால் ஒரு வரி புரியாமல், உன் சொந்த இங்கிலீஷில் முழுப் பாட்டையும் பாடுவாய்.

மறுநாள் நாம் பேசிக்கொள்வது ஒன்றுதான், காது எவ்வளவு நேரம் கூவிற்று என்று. அரை நாள் கூவினால் சுமாரான ஷோ. ஒரு முழு நாள் கூவினால் நல்ல ஷோ. தொண்ணூற்றாறு ஜனவரியில் ரெட் ஆக்சைடு ஷோவில் முன் தடுப்புக் கம்பு முறிந்து கூட்டம் என் மேலேயே வந்து விழுந்தது. என் அடுக்கு ஆடியது. நான் பாக்ஸை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, காதை அதிலேயே வைத்து அழுத்திக்கொண்டு நாலு பாட்டு நின்றேன். நீ உன் கடைசியிலிருந்து வாயைப் பிளந்து என்னவோ கத்தினாய். நான் ஆமா ஆமா என்று தலையாட்டினேன். விட்டுவிட்டு ஓடுலே என்று கத்தினேன் என்று நீ டெம்போவில் சொன்னபோதுதான் தெரிந்தது. அந்தத் தடவை மூன்று நாள் கூவிற்று. நம் போபோடி ஏரியா முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டேன். அந்த மடத்தனத்தை நினைத்தால் இப்போதும் கோபம் வரமாட்டேன் என்கிறது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தோம்.

இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்க உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? உன் விலாசம் வாங்கலாம் என்றுதான் போன ஞாயிற்றுக்கிழமை போபோடியில் உங்கள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த உம்மா என்னைப் பார்த்து "வாலே" என்று சொல்லவில்லை. பிறந்ததிலிருந்து இது முதல் தடவை. நானாக உள்ளே போய் உட்கார்ந்தேன். அப்புறம்தான் சொன்னார்கள். ஜனவரியில் அவர்களுக்குப் பித்தப்பை ஆபரேஷன் ஆனதை, அன்றைக்கு நான் கூட இருக்க வேண்டும் என்று நீ எனக்குப் போன் செய்து கேட்டதை, பாத்துக்கிடுவோம் என்று நான் சிரித்துக்கொண்டே சொன்னதை. ஆஸ்பத்திரியில் பொறுப்பாளர் என்று என் பெயரைத்தான் கொடுத்திருந்தார்களாம். கோகுல்நாத் யார், கோகுல்நாத் யார் என்று நர்ஸ் வாசலில் வந்து மூன்று தடவை கூப்பிட்டாளாம். கடைசியில் எதிர்வீட்டு சுனில்தான் கையெழுத்துப் போட்டானாம்.

நீ பேசியதில் ஒரு வார்த்தைகூட எனக்குக் கேட்கவில்லை, இர்பான். ஏதோ ஊர்க்கதை சொல்கிறாய் என்று நினைத்துச் சிரித்தேன். உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது அழுதும்விட்டேன்.  உம்மா தெருவுக்கே கேட்கும்படி, "ஏம்ல, காது கேக்கலன்னா கேக்கலன்னு சொல்லுததுக்கு என்னலே வெக்கம், களவா பண்ணுன?" என்று போட்டார்களே ஒரு போடு! அது எனக்குத் துல்லியமாகக் கேட்டது. அதற்கப்புறம் சேமியா வந்தது. நான் போதும் போதும் என்றதை அவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உம்மா நன்றாக இருக்கிறார்கள், தழும்புகூட ஆறிவிட்டது. இனி மாதாமாதம் டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போவேன், நீ சொல்ல வேண்டியதில்லை.

இப்போது நான் எழுத வந்த விஷயம். நான் கிளம்பும்போது உம்மா சாதாரணமாக ஒன்று சொன்னார்கள். "அவனும் ஒன்ன மாதிரிதாம்ல. நான் ஒண்ணு கேட்டா அவன் ஒண்ணு சொல்லுதான். எல்லாத்துக்கும் சரிம்மா சரிம்மாங்கான். போன மாசம் தல சுத்துதுன்னான், கேட்டா வெயிலுங்கான்." எனக்குக் கால் அங்கேயே நின்றுவிட்டது. உன் பாக்ஸ் எந்தப் பக்கம் என்று யோசித்துப் பார். எனக்கு இடது தோளில் இடித்தது, உனக்கு வலது தோளில்.

நீ போனை எந்தக் காதில் வைக்கிறாய், மாப்ளே? எப்போதிலிருந்து அப்படி? என்னிடம் மறைக்காதே, மறைப்பதில் உனக்கு நான் அண்ணன். இந்த வாரமே அங்கே ஒரு காது டாக்டரைப் பார். ஸ்கேன் எடுக்கச் சொன்னால் எடு. பயப்படாதே. கட்டி இருக்காது, அது வெறும் சத்தம்தான், நாம் ஆசைப்பட்டு வாங்கிக்கொண்ட சத்தம். மார்ச்சில் லீவில் வரும்போது இரண்டு பேரும் காது மிஷினோடு உம்மா முன்னால் போய் நிற்போம்.

உன் உடம்புக்கு ஒரு குறையும் வராது. நான் வேண்டிக்கொள்கிறேன், உம்மாவும் துவா செய்கிறார்கள், நீலா இன்னொரு மாவிளக்கு சேர்த்து வேண்டியிருக்கிறாள். டாக்டர் என்ன சொன்னார் என்று உடனே எழுது. உம்மா விஷயத்தில் என்னைத் திட்ட வேண்டியதையும் அதிலேயே எழுது. போனில் திட்டாதே, அநியாயமாக வீணாகிவிடும். எழுதித் திட்டு. ஒரு வார்த்தை விடாமல் எனக்குக் கேட்கும்.

என்றும் உன்,
கோகுல்நாத்