கண் மூடாதவர்கள்

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஸ்தோத்திரம். அண்ணியும் பிள்ளைகளும் நலம் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுத உட்கார்ந்தேன்; கை வரவில்லை.

உன் கடிதம் கிடைத்தது. ஆயர் ஆண்டவரால் வைக்கப்பட்டவர், அவரைக் குறை பேசாதே, உன் வேலையைப் பார் என்று எழுதியிருக்கிறாய். என் வேலையைத்தான் பார்க்கிறேன். காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வது என் வேலை. நம் சபை நடத்தும் அந்தப் பள்ளியைத்தான் இந்த மாதக் கடைசியில் மூடப் போகிறார்கள். கட்டடம் பெரிய அதிகாரி ஒருவரின் அலுவலகமாகப் போகிறது. ஆயருக்கும் அவருக்கும் நல்ல பழக்கம்.

சபையே ஏகமனதாகச் சம்மதித்தது என்று தீர்மானம் எழுதி உன் மேஜைக்கு அனுப்பியிருக்கிறார்கள். தலைமைக் கமிட்டிச் செயலாளர் நீ. நீ கையெழுத்துப் போட்டால் கதை முடிந்தது. சபை எப்படிச் சம்மதித்தது என்று யாராவது உனக்குச் சொன்னார்களா?

போன ஞாயிறு பிரசங்கம் முடிந்ததும் ஆயர் பள்ளியைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னார். பிறகு, "எல்லாரும் கண்ண மூடிக்குங்க. ஆண்டவர் உங்க உள்ளத்துல பேசுவாரு. சம்மதிக்கிறவங்க கைய மட்டும் தூக்குங்க" என்றார். சபை முழுக்கக் கண்ணை மூடியது. ஜெபம் என்றால் மூடித்தானே நமக்குப் பழக்கம்.

எனக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போய்ப் பதினாறு வருடம் ஆகிறது. என் பிள்ளைகள் கண்ணை மூடினால் ஜெபம் அவர்களிடம் போய்ச் சேராது. முன்வரிசையில் என் கைகளையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். நான் சபையைப் பார்த்து நின்று, ஆயர் சொல்வதைச் சைகையில் சொல்வேன். அங்கே நின்றுதான் பார்த்தேன். நிரம்பியிருந்த கோவிலில் பதினோரு கைகள்.

ஆயரும் பார்த்தார். பார்த்துவிட்டு, எல்லாக் கைகளும் உயர்ந்துவிட்டன, ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் என்றார். கை தூக்காத ஒவ்வொருவரும் தான் மட்டும்தான் தூக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, மூடிய கண்ணோடு ஆமென் சொன்னார்.

பழக்கதோஷத்தில் என் கைகள் அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டன, அண்ணா. அந்தப் பொய்யை அவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தவள் நான். ஆயர்மேல் உள்ளதைவிட என்மேல்தான் எனக்கு ஆத்திரம். நாங்கள் வாலு என்று கூப்பிடும் கடைக்குட்டிப் பெண் மட்டும் திரும்பிச் சபையைப் பார்த்துவிட்டு, பொய் என்று விரலால் காட்டினாள். நான் அவளை முறைத்து உட்கார வைத்தேன்.

மறுநாள் ஆயரிடம் போய்க் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. "ஜெப நேரத்துல நீ ஏம்மா கண்ணத் தொறந்தே?" என்றார்.

அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒன்பது நாள் பக்கத்திலேயே இருந்தவர். அந்த நன்றிதான் உன் கண்ணை மறைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை என் வாயை அடைத்ததும் அதுதான். நல்லது செய்தவர் என்பதற்காக அவர் செய்வதெல்லாம் நல்லதாகிவிடுமா? பெரியவர்களுக்குக் கீழ்ப்படியச் சொன்ன அதே வேதம்தான் நம்மை விழித்திருக்கவும் சொல்கிறது. நீ பாதியை மட்டும் எழுதி அனுப்புகிறாய்.

கமிட்டியில் உன்னை ஐயா என்பார்கள். பிள்ளைகள் உனக்கு வைத்த பெயர் உனக்குத் தெரியாது. நீ ஒரு தடவை இங்கே வந்தபோது, யார் பேசினாலும் காதுக்குப் பின்னால் கையை வைத்துக் குனிந்து கேட்டாய். அன்றிலிருந்து அந்தச் சைகைதான் உன் பெயர். தினமும் காலையில் முப்பது பிள்ளைகளும் காதுக்குப் பின்னால் கையை வைத்து உனக்காக வேண்டிக்கொள்கிறார்கள். இன்று வாலு மட்டும் கையை எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உனக்கு வேறு பெயர் கண்டுபிடிக்கும்படி அவர்களை வைத்துவிடாதே, அண்ணா.

ஆண்டவர் உன் கையைக் காப்பாராக.

உன் தங்கை