மோட்டாரில் சுற்றிய துணி

அம்மா,

ஷிஃப்ட் முடிந்து வந்ததும் முதலில் சாப்பிடு. மேசையில் மூடி வைத்திருக்கிறேன்.

தையல் மிஷின் மோட்டாரின் காந்தப்புலத்தால் மார்பகப் புற்றுநோய் வரலாம் என்று ஏதோ கட்டுரையில் படித்துவிட்டு, வேலையை விடச் சொல்லி ஒரு மாதமாக உன்னை அரித்தேன். எதுவும் இன்னும் உறுதியாகவில்லை என்று அதே கட்டுரையில் இருந்ததை மட்டும் சொல்லவில்லை. நான் அப்படி அரித்ததால்தான் மார்பில் வந்த கட்டியை என்னிடம் மறைத்தாய். "சொன்னா வேலைக்கே போக விடமாட்டேடி, அதான்" என்று காலையில் நீ சொன்னதற்கு நான் கத்தியிருக்கக் கூடாது.

வேலையைப் பற்றி இனிப் பேசமாட்டேன். நாலு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் நிற்பேன். ஸ்கேனுக்கு மட்டும் வந்துவிடு.

பி.கு.: கம்பெனியில் உன் மோட்டாரைச் சுற்றிப் பழைய துணி கட்டியிருக்கிறாயாம், பக்கத்து மிஷின் அக்கா சொன்னார். துணி காந்தப்புலத்தைத் தடுக்காதும்மா. இத்தனை நாளும் நீயும் பயந்துகொண்டேதான் தைத்திருக்கிறாய்.