மூன்றாம் கியரில் ஒரு ஏற்றம்

பாளையங்கோட்டை,
12.9.2025

அன்புள்ள டெபோரா டீச்சருக்கு,

வேணி எழுதுகிறேன். சுகமாக இருக்கிறீர்களா? நாசரேத்துக்கு மூன்று தடவை போன் போட்டேன். மூன்று தடவையும் உங்கள் மருமகள் எடுத்து, "அத்தை தூங்குதாவ" என்றாள். பகல் பதினொரு மணிக்கு நீங்கள் தூங்கி நான் பார்த்ததில்லை. வாட்ஸாப்பில் எழுதினால், பார்த்துவிட்டீர்களா என்று போனையே தடவிக்கொண்டிருப்பேன். அதனால்தான் தபாலில் எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை காரையாறு அணைக்குப் போய்வந்த களைப்பு தீர்ந்ததா? தனலட்சுமி டீச்சரும் ராஜராஜேஸ்வரி டீச்சரும் இன்னும் அதையேதான் பேசுகிறார்கள். ரிட்டையரான பிறகு கார் ஓட்டப் பழகிய ஒரு கணக்கு டீச்சர், கூட வேலை பார்த்த மூன்று பேரை மலைக்குக் கூட்டிப் போனது சின்ன விஷயமா?

அந்த வளைவில் வண்டி நின்று, உங்களை மட்டும் இறங்கி நடக்கச் சொன்னது மனசில் இருக்கிறதோ என்று ஒரு சந்தேகம். கணக்கைப் பார்த்தால் புரியும். வண்டியும் நாம் நாலு பேரும் சேர்ந்து ஆயிரம் கிலோ. எட்டு மீட்டர் போனால் ஒரு மீட்டர் உயர்கிற ஏற்றம். வேகம் வினாடிக்கு ஐந்து மீட்டர். எடையைப் பத்தால் பெருக்கி, அதைச் சரிவாலும் வேகத்தாலும் பெருக்கினால் 6250 வாட், அதாவது ஆறேகால் கிலோவாட் தேவை. நீங்கள் இறங்கியதும் அது 5.73 ஆகிவிட்டது. அரைக் கிலோவாட் மிச்சம். அதனால்தான் வண்டி ஏறியது.

ஆகவே இதில் கோபிக்க ஒன்றும் இல்லை. ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
வேணி

---

நாசரேத்,
19.9.2025

அன்புள்ள வேணி டீச்சருக்கு,

கர்த்தர் கிருபையால் வீட்டில் எல்லாரும் சுகம். உங்கள் கணக்கை இரண்டு தரம் படித்தேன். நான் தமிழ் டீச்சர், சரியா தப்பா என்று சொல்லத் தெரியாது.

நடந்ததில் எனக்கு வருத்தமில்லை. நல்ல காற்று, குரங்குத் தொல்லைதான் கொஞ்சம். யாராவது ஒருத்தர் இறங்குங்கள் என்று சொல்லியிருந்தால் நானே முதலில் இறங்கியிருப்பேன். நீங்கள் சொன்னது அப்படி இல்லை. "டெபோரா டீச்சர், உங்க எண்பத்து மூணு கிலோ எறங்கினா வண்டி ஏறிரும்" என்றீர்கள். பின்னால் கோயிலுக்குப் போகிற வேன் நின்றுகொண்டிருந்தது. அதில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். தனலட்சுமி டீச்சர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

அந்த எண் உங்களுக்கு எப்படித் தெரியும் டீச்சர்? தைராய்டு டாக்டரிடம் போனபோது நீங்கள்தான் துணைக்கு வந்தீர்கள். எடையைச் சத்தமாகச் சொல்ல வேண்டாம் என்று நர்ஸிடம் நான் கேட்டுக்கொண்டது உங்கள் காதிலும் விழுந்தது. எடை எழுதிய சீட்டை உங்களிடம் மட்டும்தான் காட்டினேன், என் வீட்டுக்காரருக்குக்கூட அது தெரியாது.

மேலே வந்து நான் மறுபடி வண்டியில் ஏறினேன். "பாத்தீங்களா, கணக்கு சரியாப் போச்சு" என்றீர்கள். மத்தியானம் நீங்கள் ஆசையாகக் கட்டிக்கொண்டுவந்த தக்காளி சாதத்தைப் பாதியில் வைத்துவிட்டேன். நான் சாப்பிடுவதையே எல்லாரும் பார்ப்பதுபோல் இருந்தது.

இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

டெபோரா

---

பாளையங்கோட்டை,
27.9.2025

அன்புள்ள டீச்சருக்கு,

உங்கள் கடிதத்தை மாடிக்குக் கொண்டுபோய்த் தனியாகப் படித்தேன். கீழே வந்ததும் என் வீட்டுக்காரர் யார் கடிதம் என்று கேட்டார். எல்ஐசி என்று சொன்னேன். அவ்வளவு வெட்கமாக இருந்தது.

அந்த வளைவில் எனக்கு ஓர் எண் தேவைப்பட்டது. கையில் இருந்ததை எடுத்துப் போட்டுவிட்டேன். அது எங்கிருந்து வந்தது என்ற நினைப்பே இல்லை. கரும்பலகை முன்னால் நிற்கிற புத்தி இன்னும் போகவில்லை.

கணக்கும் தப்பு. ஏறுவதற்கு எவ்வளவு வேண்டும் என்று மட்டும் பார்த்தேன். எஞ்சின் அப்போது எவ்வளவு கொடுத்தது என்று பார்க்கவில்லை. கிணற்றில் தண்ணீர் இறைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வாளி எவ்வளவு பெரிசு என்பது ஒன்று, நிமிஷத்துக்கு எத்தனை வாளி என்பது இன்னொன்று. இரண்டையும் பெருக்கினால்தான் தொட்டி நிறைகிற வேகம் தெரியும். எஞ்சினில் வாளி என்பது முறுக்குவிசை, எத்தனை வாளி என்பது நிமிஷத்துக்கு அது சுற்றுகிற சுற்று. இரண்டையும் பெருக்கி 9550-ஆல் வகுத்தால் கிலோவாட் வரும். என் வண்டியின் முறுக்குவிசை சுமார் 45 நியூட்டன் மீட்டர். அந்த வளைவில் மூன்றாம் கியரில் 1100 சுற்றுதான் சுற்றியிருக்கும். 45 × 1100 ÷ 9550 = 5.18.

நீங்கள் இருந்தால் 6.25 வேண்டும், இறங்கினால் 5.73. இரண்டுக்கும் 5.18 போதாது. நீங்கள் இறங்கினாலும் அது ஏறியிருக்காது டீச்சர். வண்டி அணைந்ததும் மறுபடி கிளப்பினேன் அல்லவா, அப்போது முதல் கியர் போட்டேன். முதல் கியரில் அதே வேகத்துக்கு 3000 சுற்று, பதினான்கு கிலோவாட்டுக்கு மேல். நீங்களும் இன்னும் இரண்டு பேரும் இருந்திருந்தாலும் ஏறியிருக்கும். ஏற்றத்தில் கியரைக் குறைக்க வேண்டும் என்று பழக்கிவிட்டவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நான் மறந்த பழி உங்கள் மேல் விழுந்தது.

நேற்று தனலட்சுமி டீச்சர் வீட்டில் ராஜராஜேஸ்வரி டீச்சரையும் வைத்துக்கொண்டு இதை எழுதிக் காட்டினேன். "அப்பம் பாரம் டெபோரா இல்ல, ஸ்டியரிங் பிடிச்ச ஆளுதாம்னு சொல்லுங்க" என்று தனலட்சுமி டீச்சர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அதைப் பார்த்துவிட்டு, "நானும் அன்னைக்குச் சிரிச்சிருக்கக் கூடாதுல்லா" என்றார்.

கியர் தப்பை அவர்களிடம் திருத்திவிட்டேன். நீங்கள் என்னை நம்பிக் காட்டியதை நான் நடுரோட்டில் சொன்னதைத் திருத்த எனக்கு வழி தெரியவில்லை. மன்னிக்கச் சொல்லிக் கேட்கவும் வாய் வரவில்லை.

வேணி

---

நாசரேத்,
8.10.2025

அன்புள்ள வேணி டீச்சருக்கு,

வாளி உதாரணம் போட்டதால் எனக்கே புரிந்தது. என் மகனிடம் காட்டினேன். கணக்கு இருந்த பக்கத்தை மட்டும்தான் காட்டினேன். சரி என்றான்.

தனலட்சுமி டீச்சர் போன் செய்தார். என்னைவிட அவர்தான் அதிகம் அழுதார், நான்தான் சமாதானம் சொல்ல வேண்டியதாயிற்று.

மனசு ஆறிவிட்டது என்று எழுதினால் பொய்யாகும். கல்யாண வீட்டில் பந்திக்குக் கூப்பிட்டால் இப்போதும் கடைசி ஆளாகத்தான் போகிறேன். ஆனால் உங்களோடு பேசாமல் இருப்பது அதைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

வருகிற பதினாறாம் தேதி வியாழக்கிழமை காலை மறுபடி அந்தத் தைராய்டு டாக்டரைப் பார்க்க வேண்டும். மருமகளால் கூட வர முடியாது. பஸ்ஸில் வருகிறேன். உங்களுக்குத் தோதுப்பட்டால் பத்து மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். பேர் கூப்பிடும் வரைக்கும் சேர்ந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கலாம்.

கூப்பிட்டதும் உள்ளே நான் மட்டும் போய்விட்டு வருகிறேன். நீங்கள் வெளியே பெஞ்சிலேயே இருங்கள் டீச்சர்.

அன்புடன்,
டெபோரா