பக்கத்து இருக்கை பிரேக்

என் கண்ணுக்கு,

புதுக் காரின் படம் பார்த்தேன். நிற்கும்போதே ஓடுவது போல இருக்கிறது. நூறைத் தாண்டினால் சாலை பட்டுத்துணியாக வழுக்குகிறது என்று எழுதியிருந்தாய். என் மதியத் தூக்கத்திலும் அந்தச் சாலைதான் வருகிறது. மரங்கள் சத்தமில்லாமல் மிதந்து போகின்றன. நீ சிரிக்கிறாய். வளைவு வருகிறது. என் கால் தானாக அழுத்துகிறது.

"ஏண்டி உதைக்கிற? நான் எங்கயும் போகல, படுத்துதான் இருக்கேன்" என்கிறார் உன் அப்பா.

டிரைவிங் ஸ்கூல் காரில், சொல்லிக்கொடுக்கும் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு என்பது உனக்குத் தெரியும். நீ பழகிய மூன்று மாதமும், ஒவ்வொரு வளைவிலும் அதை மெல்ல மிதித்தேன் என்பது தெரியாது. மற்ற பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுத்தான் மிதிப்பேன். நீயோ, "பாத்தியாம்மா, எப்படித் திருப்பினேன்!" என்பாய். அந்த முகத்திடம் சொல்ல வாய் வரவில்லை. தேர்வு மைதானத்தில் வேகமெடுக்க இடமில்லாததால் லைசென்ஸும் வந்துவிட்டது.

உன் திறமையில் பாதி என் பாதம், கண்ணா.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வா. ஸ்கூல் காரை எடுப்போம். நான் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். முதல் தடவையாக நீயே ஓட்டு.

உன் அம்மா